கெட்டோவுக்குள் குடும்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர் என்றதும் ஆஷ்விட்ஸ் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. அங்கேயும் அதுபோன்ற மற்றக் கொலைமுகாம்களுக்கும் கொண்டுபோகப்படுவதற்கு முன்னால், லட்சக்கணக்கான யூதர்கள் கெட்டோக்களில் ஆண்டுக்கணக்கில் அடுப்பு மூட்டி, பிள்ளை வளர்த்து, சண்டை போட்டு, சமாதானமாகி வாழ்ந்தார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வகுப்பிலும் வாசகர் கூட்டங்களிலும் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். போலந்தின் தலைநகர் வார்சாவைப் பற்றித்தான் அதிகம் வரும். மிகப் பெரிய கெட்டோ அதுதான், எழுதி வைக்கப்பட்ட சான்றுகளும் அங்கே நிறைய.

கெட்டோன்னா வதைமுகாம்தானே? ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. முகாமில் ஆண்களையும் பெண்களையும் பிரித்தார்கள், கையில் இருந்ததைப் பறித்தார்கள், பெயருக்குப் பதில் எண் கொடுத்தார்கள். கெட்டோ என்பது நாஜி ஜெர்மானியர் ஊருக்குள்ளேயே சில தெருக்களைச் சுவரோ முள்வேலியோ போட்டு அடைத்து, யூதர்களை மட்டும் அதற்குள் தள்ளிய இடம். உள்ளே வீடு, கடை, மருத்துவமனை, கல்லறைக்குப் போகும் வழி எல்லாம் உண்டு. பெரும்பாலான இடங்களில் குடும்பம் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தது. வெளியே போகத்தான் முடியாது. ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் அனுமதியில்லாமல் வெளியே பிடிபட்ட யூதருக்கு 1941 அக்டோபர் முதல் மரண தண்டனை. அவருக்கு அடைக்கலம் கொடுத்தவருக்கும் அதே தண்டனை.

முதல் கெட்டோ 1939 அக்டோபரில் போலந்தின் பியோத்ர்கூவ் நகரில் வந்தது. கிழக்கு ஐரோப்பாவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேல் இருந்தன. சில கெட்டோக்கள் ஒருசில வாரங்களிலேயே கலைக்கப்பட்டன, போலந்தின் வூச் நகரத்தது (லோட்ஸ் என்றும் எழுதுகிறார்கள்) நாலு ஆண்டுக்கு மேல் நீடித்தது. சிறிய ஊர்களில் சுவரே கிடையாது, எல்லை தாண்டினால் சுடுவார்கள், அவ்வளவுதான். அதனால் 'கெட்டோவில் இப்படித்தான்' என்று பொதுவாக யாராவது சொன்னால், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு வீட்டுல எத்தனை பேர் இருந்தாங்க?

வார்சா கெட்டோ 1940 நவம்பர் 16 அன்று மூடப்பட்டது. நகரத்தின் மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரை, நகரப் பரப்பில் 2.4 சதவீதத்துக்குள் அடைத்தார்கள். 1941 தொடக்கத்தில் சுமார் 4,50,000 பேர். சராசரியாக ஒரு அறைக்கு ஏழு பேர் என்று கணக்கு. நன்றாகக் கவனியுங்கள், வீட்டுக்கு அல்ல, அறைக்கு.

அந்த ஏழு பேரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டியதில்லை. சுற்றுவட்டச் சிற்றூர்களிலிருந்து துரத்தப்பட்டு வந்த அகதிகளே ஒரு லட்சத்துக்கு மேல். அறிமுகமில்லாத இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஒரு துணித் திரை, எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. அடுப்பில் யார் முறை, தண்ணீர் யார் பிடிப்பது, நோயாளியை எங்கே படுக்க வைப்பது என்று தினமும் உரசல். உறவினர் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ இடம் கிடைக்காத அகதிகள் பொது விடுதிகளில் தங்கினார்கள். பட்டினியாலும் டைஃபஸ் காய்ச்சலாலும் முதலில் இறந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

சாப்பாட்டுக்கு என்ன பண்ணாங்க? ரேஷன் கொடுத்தாங்கதானே?

கொடுத்தார்கள். 1941இல் வார்சாவில் யூதருக்கான பங்கீடு நாளொன்றுக்குச் சுமார் 184 கலோரி. அதே நகரத்தில் ஜெர்மானியருக்கு 2,613. அதை மட்டும் நம்பியிருந்தால் ஒரு சில மாதங்களில் கெட்டோவே காலியாகியிருக்கும். காலியாகாததற்குக் காரணம் கடத்தல். உள்ளே வந்த உணவில் 80 சதவீதம் கடத்தலில் வந்தது என்று கெட்டோவின் யூத நிர்வாகத் தலைவர் ஆடம் செர்னியாகோவே மதிப்பிட்டார். வாயில் காவலர்களுக்குக் கை நிறையக் கொடுத்து வண்டி வண்டியாக வந்தது ஒரு வகை. லெஷ்னோ தெரு நீதிமன்றக் கட்டடத்துக்கு இரண்டு பக்கமும் வழி இருந்தது, அதன் வழியாகவும் வந்தது. சுவரில் பெயர்த்தெடுத்த செங்கல் இடைவெளி, கல்லறைத் தோட்டம், சாக்கடை என்று மீதி வழிகள்.

வூச்சில் இந்த வழி கிடையாது. அந்த ஊரை ஜெர்மனியோடே இணைத்து, கெட்டோவைச் சுற்றி இருந்தவர்களை அப்புறப்படுத்தி, உள்ளே மட்டுமே செல்லும் தனிப் பணத்தை அச்சடித்திருந்தார்கள். வெளியே யாருக்கும் அந்தப் பணம் வேண்டாம். அதனால் அங்கே பங்கீட்டு அட்டைதான் உயிர். உருளைக்கிழங்குத் தோலுக்கே போட்டி.

பட்டினி குடும்பத்துக்குள்ளும் புகுந்தது. இதை மறைத்து எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வூச்சைச் சேர்ந்த டேவிட் சியராகோவியக் என்ற மாணவன் நாட்குறிப்பு எழுதினான். அப்பா மற்றவர்கள் பங்கையும் தின்றுவிடுகிறார், அம்மா தன் பங்கை விட்டுக்கொடுத்துத் தேய்ந்துகொண்டே போகிறாள் என்று ஆத்திரத்தோடு எழுதியிருக்கிறான். 1942 செப்டம்பரில் அம்மாவைப் பிடித்துப் போனார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் அவனும் இறந்தான், 19 வயது. ரொட்டியைத் தராசில் நிறுத்துப் பிரித்துக்கொண்ட வீடுகளும் இருந்தன, கடைசித் துண்டைப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டுச் செத்த தாய்மார்களும் இருந்தார்கள். சில சமயம் இரண்டும் ஒரே வீட்டில்.

சின்னப் பிள்ளைகளையா கடத்தலுக்கு அனுப்பினாங்க? பெத்த மனசு எப்படி ஒத்துக்கிச்சு?

பல வீடுகளில் யாரும் அனுப்பவில்லை, பிள்ளைகளே போனார்கள். சுவரின் அடியில் மழைநீர் வடிவதற்கு விட்ட ஓட்டையில் பெரியவர் உடம்பு நுழையாது, பிள்ளை நுழையும். அந்தப் பக்கம் போய் கெஞ்சியோ வாங்கியோ உருளைக்கிழங்கையும் ரொட்டியையும் சட்டைக்குள் திணித்துக்கொண்டு திரும்பி வரும். பிடிபட்டால் அடி, பல சமயம் துப்பாக்கிக் குண்டு.

அப்பா கட்டாய வேலைக்குப் பிடித்துப் போகப்பட்டோ காய்ச்சலில் படுத்தோ இருக்கும் வீட்டில், எட்டு பத்து வயதுப் பிள்ளைதான் சம்பாதிக்கும் ஆள். அதோடு வீட்டு அதிகாரமும் கைமாறியது. சோறு கொண்டுவரும் பிள்ளையை எப்படி அதட்டுவது?

அப்போ ஆம்பளைங்க என்ன பண்ணாங்க?

1939இல் ஆபத்து ஆண்களுக்குத்தான் என்று நம்பினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் ஜெர்மானியர் தொட மாட்டார்கள் என்ற எண்ணம். அதனால் பல ஆண்கள் கிழக்கே சோவியத் பகுதிக்கு ஓடினார்கள், இருந்தவர்கள் தெருவில் இறங்கினால் வேலைக்குப் பிடிப்பார்கள் என்று வீட்டுக்குள் பதுங்கினார்கள். விளைவு, வார்சா கெட்டோவில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். அலுவலகத்தில் போய்ப் பேசுவது, பொருளை விற்பது, வரிசையில் நிற்பது எல்லாம் பெண்கள் தலையில் விழுந்தது. கடை வைத்து, கணக்கு எழுதி, மரியாதையாக வாழ்ந்த ஆண்களில் பலர் வேலையும் போய், வீட்டில் சொல்லும் எடுபடாமல், மனைவிக்கு முன்பே ஒடிந்து போனதைச் சாட்சியங்களில் அடிக்கடி பார்க்கலாம்.

எல்லாருமே ஒரே மாதிரி கஷ்டப்பட்டாங்களா? பணக்காரங்களும்?

இல்லை, ஆரம்பத்தில் நிச்சயமாக இல்லை. வார்சா கெட்டோவில் இசைக்குழுவோடு காபிக் கடைகள் நடந்தன. கடத்தலில் கொழுத்தவர்கள் அங்கே சாப்பிட்டார்கள், வாசலில் பிணம் காகிதம் போர்த்திக் கிடந்தது. கெட்டோவில் இருந்தவர்களே இதைப் பார்த்துக் கொதித்து எழுதியிருக்கிறார்கள்.

இதற்கு மாற்றாக எழுந்ததுதான் வீட்டுக் குழுக்கள். வார்சாவில் அடுக்குமாடி வீடுகள் நடுவே ஒரு முற்றத்தோடு இருக்கும். ஊரடங்கு நேரத்தில் முன்கதவைப் பூட்டிவிட்டால் அந்த முற்றம்தான் உலகம். ஒவ்வொரு கட்டடத்திலும் குடியிருந்தவர்கள் ஒரு குழு அமைத்து, வசதியுள்ள வீட்டில் மாதக் காசு வசூலித்து, இல்லாதவர்க்குச் சூப், பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு மூலை, இறந்தவர்க்கு அடக்கச் செலவு என்று பார்த்துக்கொண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள். 'அலெய்ன்ஹில்ஃப்' என்ற சுயஉதவி அமைப்பு இவற்றை இணைத்தது. அமெரிக்க யூத உதவி நிதி கொஞ்ச காலம் கைகொடுத்தது.

என் பார்வையில் கெட்டோ வாழ்க்கையின் மையமே இந்த முற்றம்தான். யாரும் மேலிருந்து உத்தரவு போடவில்லை. ஆனாலும் அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். 1942 வாக்கில் கொடுத்தவர்களே வாங்குபவர்களாகிவிட்டார்கள். அலெய்ன்ஹில்ஃபில் முக்கியப் பொறுப்பில் இருந்த வரலாற்றாசிரியர் எமானுவேல் ரிங்கெல்ப்ளூம், எல்லோருக்கும் கரண்டி கரண்டியாக ஊற்றி யாருமே பிழைக்காமல் போவதா, சிலருக்கு மட்டும் போதிய அளவு கொடுத்து அவர்களையாவது பிழைக்க வைப்பதா என்று தன் குறிப்பில் கேட்டுக்கொண்டார். அவருக்கு விடை கிடைக்கவில்லை.

பிள்ளைங்க படிச்சாங்களா?

வார்சாவில் பள்ளிகளுக்குத் தடை இருந்தது. 1941 இலையுதிர் காலத்தில்தான் தொடக்கப் பள்ளிகளை அனுமதித்தார்கள். அதுவரை சூப் சமையலறையிலும் வீட்டு அறையிலும் நாலைந்து பிள்ளைகளாக உட்கார வைத்து மறைவாகப் பாடம். ஆசிரியருக்குச் சம்பளம் பெரும்பாலும் ஒரு துண்டு ரொட்டி. 'தொற்றுநோய்த் தடுப்புப் பயிற்சி' என்ற பெயரில் அனுமதி வாங்கி, உள்ளே முழு மருத்துவப் படிப்பே நடத்தினார்கள்.

அந்த மருத்துவர்கள் செய்த இன்னொன்று என்னை இன்றும் அசர வைக்கிறது. 1942இல், தாங்களே பட்டினி கிடந்தபடி, பட்டினி மனித உடம்பை என்ன செய்கிறது என்று இஸ்ரேல் மிலெய்கோவ்ஸ்கி தலைமையில் முறையாக ஆராய்ந்தார்கள். கையெழுத்துப் பிரதி வெளியே கடத்தப்பட்டு 1946இல் அச்சானது. எழுதியவர்களில் பெரும்பாலோர் அப்போது உயிரோடு இல்லை.

அந்த நிலைமையில கல்யாணம், குழந்தையெல்லாம் நடந்துச்சா?

கல்யாணம் நடந்தது. வூச்சில் 1942இல் ரபிகளின் (யூத மதகுருக்களின்) அமைப்பைக் கலைத்த பிறகு, நிர்வாகத் தலைவர் ஹயீம் ரும்கோவ்ஸ்கியே திருமணங்களை நடத்தி வைத்தார். லிதுவேனியாவின் வில்னாவில் (இன்றைய வில்னியஸ்) நடந்தது இன்னும் விசித்திரம். 1941 இலையுதிர் காலத்தில் அங்கே சுமார் 3,000 மஞ்சள் வேலைச் சீட்டுகள் வழங்கப்பட்டன. சீட்டு வைத்திருப்பவர் தன் துணையையும் 16 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகளையும் மட்டும் பதிவு செய்யலாம். சீட்டு இல்லாதவர்களுக்கு நகருக்கு வெளியே பொனாரிக் காட்டில் குழி. அதனால் ஒரே இரவில் குடும்பங்கள் உருவாயின. திருமணமாகாத இளைஞன் முன்பின் தெரியாத பெண்ணை மனைவியாக எழுதினான், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சொந்தப் பிள்ளைகள் ஆனார்கள். வயதான பெற்றோருக்கு அந்தச் சீட்டில் இடமே இல்லை. மூன்றாவது பிள்ளைக்கும் இல்லை.

குழந்தை பெறுவது வேறு கதை. அதே லிதுவேனியாவின் கோவ்னோ கெட்டோவில் 1942இல் கர்ப்பமாவதையே தடை செய்தார்கள், மீறினால் மரணம். மருத்துவர்கள் ரகசியமாகக் கருக்கலைப்பு செய்தார்கள். ரகசியமாகப் பிறந்த பிள்ளைகளும் உண்டு.

சாமி கும்பிட முடிஞ்சுதா? இவ்வளவு நடந்தும் நம்பிக்கை இருந்துச்சா?

சிலருக்குப் போனது, சிலருக்கு இறுகியது. அதைச் சதவீதத்தில் சொல்ல முடியாது. ஆனால் மக்கள் என்ன கேட்டார்கள் என்று தெரியும். கோவ்னோவில் எஃப்ரைம் ஓஷ்ரி என்ற இளம் ரபியிடம் வந்த கேள்விகளை அவர் துண்டுக் காகிதங்களில் எழுதி டப்பாக்களில் புதைத்து, போருக்குப் பின் தோண்டி எடுத்து வெளியிட்டார்.

கர்ப்பிணியின் உயிரைக் காக்கக் கருவைக் கலைக்கலாமா என்று கேட்டார்கள். கலைக்கலாம் என்றார். இன்னொரு கேள்வி: காலைப் பிரார்த்தனையில் 'என்னை அடிமையாகப் படைக்காத இறைவனுக்கு நன்றி' என்று ஒரு வரி வரும், அடிமையாகவே இருக்கும் நாங்கள் அதைச் சொல்லலாமா? கட்டாயம் சொல்லுங்கள் என்று தீர்ப்பளித்தார். உடலைத்தான் அடிமைப்படுத்தியிருக்கிறார்கள் என்பது அவர் வாதம்.

பட்டினி கிடக்கும்போது நாடகம், நூலகம் எல்லாம் தேவையா?

இதே கேள்வியை வில்னா மக்களே கேட்டார்கள். 1942 ஜனவரியில் கெட்டோ நாடகமேடை தொடங்கியபோது 'கல்லறையில் நாடகம் போடாதே' என்று எதிர்ப்பு வாசகங்கள் எழுந்தன. அதற்கு முந்தைய மாதங்களில்தான் அந்த ஊர் யூதர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பொனாரியில் கொல்லப்பட்டிருந்தார்கள். எதிர்ப்பு நியாயமானதுதான். ஆனாலும் அரங்கு நிரம்பியது.

நூலகத்துக்கு எதிர்ப்பே இல்லை. ஹெர்மன் க்ருக் நடத்திய ஸ்ட்ராஷுன் தெரு நூலகம் 1942 டிசம்பரில் ஒரு லட்சமாவது இரவலைக் கொண்டாடியது. கூட்ட நெரிசலான அறையில் புத்தகம் ஒன்றுதான் தனிமை. அதே ஊரில் கவிஞர் ஆபிரகாம் சுட்ஸ்கேவரும் நண்பர்களும், ஜெர்மானியர் தரம்பிரிக்கச் சொன்ன யூத நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் உடம்பில் ஒளித்து உள்ளே கடத்தினார்கள். ரொட்டி கடத்த வேண்டிய நேரத்தில் காகிதமா என்று திட்டு வாங்கினார்கள்.

யூதர்களே நிர்வாகம் பண்ணினாங்களாமே. அது துரோகம் இல்லையா?

'யூடென்ராட்' எனப்பட்ட யூதர் அவைகளை ஜெர்மானியர்தான் அமைக்க வைத்தார்கள். குப்பை அள்ளுவது, ரேஷன், மருத்துவமனை எல்லாம் அவர்கள் பொறுப்பு. கடைசியில், அனுப்பப்பட வேண்டியவர்களின் பட்டியலும் அவர்களிடமே கேட்கப்பட்டது. ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொல்ல நான் தயாரில்லை, ஏனென்றால் ஆளுக்கு ஆள் நடந்துகொண்டது வேறு.

வார்சாவின் செர்னியாகோவ், 1942 ஜூலையில் பிள்ளைகளையும் சேர்த்து அனுப்பக் கையெழுத்துக் கேட்டபோது விஷம் குடித்து இறந்தார். வூச்சின் ரும்கோவ்ஸ்கி, வேலை செய்தால் பிழைக்கலாம் என்று கெட்டோவையே தொழிற்சாலையாக்கினார். 1942 செப்டம்பர் 4 அன்று கூட்டத்தின் முன் நின்று, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கொடுத்துவிடுங்கள், மற்றவர்கள் பிழைக்கட்டும் என்று கேட்டார். அடுத்த சில நாட்களில் 15,000க்கு மேற்பட்டோர், பிள்ளைகளும் முதியவர்களும் நோயாளிகளும், ஹெல்ம்னோ கொலைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கோவ்னோவின் மருத்துவர் எல்கனன் எல்கெஸ் மக்களாலேயே வற்புறுத்தித் தேர்ந்தெடுக்கப்பட்டவர், அவர் மீது இன்றுவரை மரியாதை குறையவில்லை. பெலாரஸின் மின்ஸ்க் நகர யூதர் அவைத் தலைவர் இல்யா முஷ்கின் தலைமறைவு இயக்கத்துக்கே உதவி, அதற்காக உயிரை விட்டார். ரும்கோவ்ஸ்கி விஷயத்தில் மட்டும், அவரது கணக்கு தவறு என்பதைவிட அந்தக் கணக்கைப் போடும் அதிகாரத்தை அவர் விரும்பினார் என்பதுதான் என் மனத்தாங்கல்.

ஏன் சண்டை போடலை? லட்சக்கணக்குல இருந்தாங்களே, ஓடியாவது போயிருக்கலாமே?

சண்டை போட்டார்கள். 1943 ஏப்ரல் 19 அன்று வார்சா கெட்டோவில் மோர்டெகாய் அனியெலெவிச் தலைமையில் சில நூறு இளைஞர்கள் கைத்துப்பாக்கிகளோடு தொடங்கிய எழுச்சியை அடக்க ஜெர்மன் படைக்கு மே நடுப்பகுதி வரை ஆனது. ஆனால் கேள்வியின் உள்ளே இருப்பது, 'ஏன் முன்பே இல்லை' என்பது. அதற்குப் பதில் குடும்பம்.

1942 ஜூலை 22 முதல் செப்டம்பர் 21 வரை வார்சாவிலிருந்து சுமார் 2,65,000 பேரை ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேற்றினார்கள். தானாக வருபவர்க்கு மூன்று கிலோ ரொட்டியும் ஒரு கிலோ ஜாமும் என்று அறிவித்தார்கள். பட்டினியில் இருந்தவர்கள், பிரியாமல் ஒன்றாகப் போனால் போதும் என்று குடும்பத்தோடு வந்தார்கள். மனைவி, கைக்குழந்தை, நடக்க முடியாத அம்மா இருக்கும் மனிதன் யாரைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவான்? வில்னாவில் காட்டுக்குத் தப்பியவர்களின் குடும்பத்தினரைப் பிடித்துப் போய்க் கொன்றார்கள். 1943இல் வார்சாவில் எஞ்சியிருந்தவர்கள் 50,000 முதல் 60,000 பேர், பெரும்பாலும் வீட்டில் எல்லோரையும் இழந்த இளையவர்கள். துப்பாக்கி எடுத்தது அவர்கள்தான்.

ஓடிய இடங்களும் உண்டு. மின்ஸ்கிலிருந்து காட்டுக்குத் தப்பியவர்கள் சுமார் 10,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். பெலாரஸ் காட்டில் பியெல்ஸ்கி சகோதரர்கள் கிழவர், பிள்ளை என்று பார்க்காமல் சேர்த்துக்கொண்டு சுமார் 1,200 பேரைக் காப்பாற்றினார்கள். அருகில் அடர்ந்த காடு இருந்தது. வார்சாவைச் சுற்றி அப்படி இல்லை.

தெரெசீன்ல குழந்தைகள் சந்தோஷமா இருந்தாங்கன்னு ஒரு படம் பார்த்தேனே?

அது ஏமாற்று. செக் நாட்டுத் தெரெசீன் கெட்டோவை 1944 ஜூன் 23 அன்று செஞ்சிலுவைச் சங்கக் குழு பார்வையிட வந்தது. அதற்காகச் சுவருக்கு வண்ணம் பூசி, பூச்செடி நட்டு, கூட்டத்தைக் குறைக்க ஆயிரக்கணக்கானோரை முன்கூட்டியே ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். பிறகு பிரச்சாரப் படமும் எடுத்தார்கள்.

முதல் பதிலில் 'பெரும்பாலான இடங்களில்' என்று சொன்னதற்கு விதிவிலக்கும் இதுதான். இங்கே ஆண், பெண், பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கட்டடம். பிள்ளைகள் இல்லங்களில் இளம் பொறுப்பாளர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஓவியர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் வரையக் கற்றுக்கொடுத்தார். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோகப்படும் முன் இரண்டு பெட்டிகளில் சுமார் 4,500 ஓவியங்கள் பத்திரப்படுத்தப்பட்டன. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

இவ்வளவு விவரம் எப்படித் தெரியும்? பிழைச்சவங்க பின்னாடி சொன்னதா?

அதுவும் உண்டு, ஆனால் நிறைய அப்போதே எழுதப்பட்டது. மேலே சொன்ன ரிங்கெல்ப்ளூம் 1940 நவம்பரில் 'ஓனெக் ஷபெஸ்' என்ற ரகசியக் குழுவை அமைத்தார். கட்டுரை, நாட்குறிப்பு, பள்ளிப் பிள்ளைகள் எழுதியது, ரேஷன் அட்டை, மிட்டாய்க் காகிதம், டிராம் சீட்டு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்தார்கள். பத்துத் தகரப் பெட்டிகளிலும் பிறகு இரண்டு பால் கேன்களிலும் புதைத்தார்கள். பெட்டிகள் 1946 செப்டம்பரிலும் கேன்கள் 1950 டிசம்பரிலும் கிடைத்தன, மொத்தம் சுமார் 35,000 பக்கங்கள். மூன்றாவதாகப் புதைத்த ஒரு பகுதி இன்னும் கிடைக்கவில்லை. ரிங்கெல்ப்ளூம், மனைவி, மகன் மூவரும் 1944 மார்ச்சில் பதுங்கு குழியில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள்.

ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு எண்ணிக்கை போட்டிருக்காங்க. எதை நம்புறது?

ஜெர்மானியர் எண்ணியது, யூத நிர்வாகம் எண்ணியது, பிறகு ஆய்வாளர்கள் சரிபார்த்தது என்று மூன்று வகை உண்டு. அதனால்தான் 'சுமார்' என்ற சொல் இங்கே இவ்வளவு தடவை வந்திருக்கிறது. வார்சா கெட்டோவின் மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக் தன் அனாதை இல்லப் பிள்ளைகளோடு ட்ரெப்ளிங்கா ரயிலேறியது 1942 ஆகஸ்டின் முதல் வாரத்தில். பிள்ளைகளின் எண்ணிக்கையை 190 என்றும் 200 என்றும் எழுதுகிறார்கள்.

போலந்துச் சமூகப் பணியாளர் இரேனா செண்ட்லர் வார்சா கெட்டோவிலிருந்து 2,500 பிள்ளைகளைக் காப்பாற்றினார் என்று பரவலாக வருவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அந்த எண் ஒரு மதிப்பீடு. பிள்ளையை வெளியே கொண்டுவந்தவர், மறைத்து வைத்தவர், பொய்ச் சான்றிதழ் எழுதியவர், கன்னியர் மடத்தில் சேர்த்தவர் என்று ஒரு பெரிய வலையமைப்பே அதன் பின்னால் இருந்தது, செண்ட்லரும் அதைத்தான் சொல்லி வந்தார். அவர்களோடு, தன் பிள்ளையை முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுக்கச் சம்மதித்த தாய் தந்தையரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.